பெட்டியில் தூங்கிய கதைகள்

பட்டுப் புடவை நைந்து போனால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? யாரும் தூக்கி எறிவதில்லை. அதையே இழை இழையாகத் தைத்து மறுபடியும் புடவையாகத்தான் கட்டிக் கொள்வேன் என்று பிடிவாதம் பிடிப்பதுமில்லை. நைந்த பாகத்தைக் கத்தரித்துத் தள்ளிவிட்டு, கெட்டியாக இருக்கும் பாகத்தில் பெண்ணுக்கு ஒரு பாவாடை தைக்கிறோம். துணி மிஞ்சினால் ஒரு சட்டை. அதற்கும் மேலே மிஞ்சினால் ஜரிகைக் கரையை மட்டும் பிரித்து எடுத்துக் கொலுப்படியின் ஓரத்தில் வைத்து அழகு பார்க்கிறோம். இதை யாரும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. பாட்டி செய்தாள், அம்மா செய்தாள், நாமும் செய்கிறோம்.

இவ்வளவு சாமர்த்தியமுள்ள நாம் இன்னொரு விஷயத்தில் மட்டும் ஏனோ அசடாகி விடுகிறோம்.

உங்கள் பீரோவின் அடித்தட்டில், கல்யாண ஆல்பத்துக்கும் கீழே, ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கிற நாளில் ஆரம்பித்த நாவல். ஐந்து அத்தியாயம் மளமளவென்று ஓடிற்று. ஆறாவது அத்தியாயத்தில் கதாநாயகன் எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கினான். இறங்கினவன் இறங்கினவன்தான், பதினைந்து வருஷமாகக் கையில் பெட்டியுடன் பிளாட்பாரத்திலேயே நின்று கொண்டிருக்கிறான்! நாவல் இல்லையென்றால் ஒரு கால் மட்டும் பின்னி முடித்த மயில். அதுவும் இல்லையென்றால் பாதியில் விட்ட பாட்டுக்கள், கோடு மட்டும் போட்டு வர்ணம் தீட்டாத படம், பாட்டியின் வாயால் கேட்டு எழுத ஆரம்பித்த குடும்பக் கதை.

வருஷத்துக்கு ஒரு தடவை பீரோவைச் சுத்தம் செய்யும்போது அது கண்ணில் படுகிறது. மனசில் முள் குத்துகிறது. "எப்படியாவது இதை முடித்து விட வேண்டும்" என்று சொல்லிக் கொண்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து விடுகிறோம்.

முடிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

பாதியில் நின்றதை அப்படியே தொடர்ந்து முடிக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. பழைய புடவையைப் பாவாடையாக்குகிற மாதிரி, உருவத்தை மாற்றிப் பார்த்தால் என்ன? நான் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்! ஆகையால் இந்தக் கலையில் கைதேர்ந்த ஒரு பாதிரியார் வீட்டுப் பெண்ணைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பிரதேசத்தில் ஸ்டீவன்டன் என்று ஒரு சிற்றூர். அவ்வூர்ப் பாதிரியாரின் எட்டுக் குழந்தைகளில் ஏழாவதாக, 1775 டிசம்பர் 16-ஆம் தேதி பிறந்தவள் ஜேன் ஆஸ்டின். கடைசி வரையில் கல்யாணம் ஆகவில்லை. சொந்த வீடு கிடையாது. கையில் பணமும் கிடையாது. இருந்ததெல்லாம் உயிருக்கு உயிரான அக்காள் கஸாண்ட்ரா, ஊர் வம்பை உன்னிப்பாகக் கேட்கிற இரண்டு காதுகள், மடியில் வைத்து எழுதச் சாய்வுப் பலகையுடன் கூடிய ஒரு சிறு மரப்பெட்டி. அந்தப் பெட்டியும் ஒரு சமயம் போக இருந்தது. 1798-இல் பிரயாணத்தின் நடுவில், டார்ட்ஃபர்ட் என்ற ஊரின் விடுதியில், அது தவறுதலாக வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் திசையில் கிளம்பிவிட்டது! குதிரையில் ஆள் அனுப்பி, இரண்டு மூன்று மைல் தூரத்தில் மடக்கிப் பிடித்துக் கொண்டு வந்தார்கள். ஜேனின் ஆஸ்தியான 7 பவுண்டு பணமும் அதில்தான் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெட்டி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இருபது வயதிலேயே ஜேன் கதை எழுதி வீட்டாருக்குப் படித்துக் காட்டுவாள். 1795-ஐ ஒட்டி எழுதிய கதைக்கு "எலினாரும் மரியானும்" என்று பெயர். அக்காள் எலினார் நிதானம். தங்கை மரியான் உணர்ச்சிப் பிழம்பு. அந்தக் காலத்து நாகரிகப்படி கதை முழுவதும் கடிதங்களாகவே இருந்தது என்று குடும்பத்தார் பிற்பாடு சொன்னார்கள். கடிதங்களாலேயே நாவல் எழுதுவது அப்போது பெரிய மோஸ்தர். ரிச்சர்ட்ஸன் என்பவர் அப்படி எழுதித்தான் பெரும் புகழ் பெற்றிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழே இருக்கிற அக்காளும் தங்கையும் ஒருவருக்கொருவர் எதற்காகக் கடிதம் எழுத வேண்டும்? யாரையாவது ஊருக்கு அனுப்ப வேண்டும். அல்லது கடிதம் வாங்குவதற்கென்றே ஒரு சிநேகிதியைச் சிருஷ்டிக்க வேண்டும். சட்டை பொருந்தவில்லை என்றால் கையை வெட்டுவதா, சட்டையை மாற்றுவதா?

1797 நவம்பரில் ஜேன் சட்டையை மாற்றினாள். கடிதங்களை அடியோடு எடுத்து விட்டு, பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்கிற மாதிரி மாற்றி எழுத ஆரம்பித்தாள். பெயரும் மாறிற்று. "ஸென்ஸ் அண்ட் ஸென்ஸிபிலிட்டி" என்று நாம் காலேஜில் பாடமாகப் படித்தோமே, அந்த நாவல்தான்.

இந்த மாறுதலால் என்ன லாபம் வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த நாவலின் உயிரே எலினாரின் மௌனத்தில் இருக்கிறது. எலினார் மனசுக்குள் எட்வர்டை விரும்புகிறாள். லூஸி என்கிற சாமர்த்தியக்காரி ஒருத்தி வந்து, "எட்வர்டுக்கும் எனக்கும் எப்போதோ ரகசியமாக நிச்சயம் ஆகி விட்டது, யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக் கொள்கிறாள். நாலு மாதம் எலினார் அந்த நெருப்பை வயிற்றில் கட்டிக் கொண்டு, சொந்தத் தங்கையிடம் கூட மூச்சு விடாமல், எல்லோருக்கும் டீ கொடுத்துக் கொண்டிருக்கிறாள். நமக்குத் தெரிகிறது, தங்கைக்குத் தெரியவில்லை. தங்கையோ, "உனக்கென்ன, உனக்கு மனசே கிடையாது" என்று அவளைக் குத்திக் காட்டுகிறாள்! கடிதக் கதையாக இருந்தால் எலினார் யாருக்காவது எழுதித்தானே ஆக வேண்டும்? எழுதினால் மௌனம் எங்கே? உருவம் மாறிய பிறகுதான் அந்த மௌனத்துக்கு இடம் கிடைத்தது என்பது என் எண்ணம்.

அந்த அக்காளும் தங்கையும் மூன்றாவது தடவையாகவும் உருவம் மாறினார்கள். அதை நம்மில் பலர் முறுக்கைக் கடித்துக் கொண்டு தியேட்டரிலேயே பார்த்திருக்கிறோம். 2000-த்தில் ராஜீவ் மேனன் எடுத்த "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" படத்தில் எலினார் ஸௌம்யாவானாள், மரியான் மீனாட்சியானாள். தபுவும் ஐசுவர்யா ராயும் நடித்தார்கள். ஹாம்ப்ஷயர் பாதிரியார் வீட்டுக் கூடத்தில் கடிதமாகப் பிறந்த கதை, செட்டிநாட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் தாவணி கட்டிக் கொண்டு ஓடி வந்தது. இதை ஜேன் கனவிலாவது நினைத்திருப்பாளா?

போகட்டும், ஜேனின் பெட்டிக்குத் திரும்புவோம். அதில் இரண்டாவதாக ஒரு கட்டு இருந்தது. "முதல் அபிப்பிராயங்கள்" என்று பொருள்படும் பெயர் அதற்கு. 1796 அக்டோபரில் ஆரம்பித்து 1797 ஆகஸ்டில் முடித்தாள். தகப்பனாருக்கு ஒரே பெருமை. அந்த நவம்பரிலேயே லண்டனில் காடெல் என்ற பெரிய புத்தகப் பிரசுரகர்த்தருக்கு எழுதி, இந்த மாதிரி மூன்று பாகத்தில் ஒரு நாவல் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார். பார்க்க மாட்டோம் என்று மறுதபாலிலேயே பதில் வந்து விட்டது. கையெழுத்துப் பிரதியை அனுப்பு என்று கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது கட்டின் கதை இதைவிட மோசம். "ஸூஸன்" என்று அதற்குப் பெயர். பேய் பங்களாவும் பாழடைந்த கோட்டையும் வருகிற திகில் நாவல்களை விழுந்து விழுந்து படித்து, பார்க்கிற பீரோவிலெல்லாம் மர்மம் இருப்பதாக நினைக்கும் ஒரு பெண்ணைக் கேலி செய்யும் கதை. 1803-இல் கிராஸ்பி கம்பெனியார் 10 பவுண்டு கொடுத்து இதை வாங்கினார்கள். சீக்கிரம் வெளிவரும் என்று விளம்பரமும் செய்தார்கள். ஆனால் அச்சுப் போடவே இல்லை. ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்தாள் ஜேன். 1809 ஏப்ரலில் புனைபெயரில் ஒரு காரமான கடிதம் எழுதினாள். பிரதி தொலைந்து போயிருந்தால் வேறு பிரதி தருகிறேன், இல்லையென்றால் வேறிடத்தில் போட்டுக் கொள்கிறேன் என்று அதன் சாரம். அந்தப் புனைபெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் "மேட்" என்று வரும். இங்கிலீஷில் பைத்தியம் என்றும் கடுங்கோபம் என்றும் அர்த்தம்! வேண்டுமானால் அதே 10 பவுண்டைத் திருப்பிக் கொடுத்து எடுத்துக் கொண்டு போ என்று பதில் வந்தது. அந்தப் பத்துப் பவுண்டு அப்போது அவளால் கொடுக்க முடியாத தொகை. (2017-இல் இங்கிலாந்து பாங்கி புது 10 பவுண்டு நோட்டு வெளியிட்டது. அதில் யாருடைய படம் என்கிறீர்கள்? சாக்ஷாத் ஜேன் ஆஸ்டின்!)

இதற்கிடையில் குடும்பமே நிலை குலைந்து போயிருந்தது. 1801-இல் தகப்பனார் ஓய்வு பெற்று, பிறந்த வீட்டை விட்டு எல்லோரும் பாத் நகருக்குக் குடி போனார்கள். 1805 ஜனவரியில் தகப்பனார் காலமானார். தாயாரும் இரண்டு பெண்களும் சகோதரர்கள் தரும் உதவியில், இன்று இந்த வீடு நாளை அந்த வீடு என்று இருந்து, பிறகு சௌதாம்ப்டன் போய் ஒரு சகோதரன் வீட்டில் இருந்தார்கள். ஊர் ஊராக மாறும்போது பாத்திரம் பண்டத்தோடு இந்தக் கையெழுத்துக் கட்டுகளும் கூடவே பிரயாணம் செய்தன. வீடு மாற்றிய அனுபவமுள்ள சகோதரிகளுக்குத் தெரியும், எதை எடுத்துப் போவது எதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது என்று அப்போது நடக்கும் விவாதம். பன்னிரண்டு வருஷம் அந்தக் காகிதங்களை விடாமல் சுமந்தாளே, எனக்கென்னவோ நாவல் எழுதினதை விட அதுவே பெரிய காரியமாகப் படுகிறது.

பாத் நகரில் புதிதாகவும் ஒன்று ஆரம்பித்தாள். "வாட்ஸன் குடும்பம்." நோயாளியான ஒரு பாதிரியார், கல்யாணமாகாத நாலு பெண்கள், பணக் கஷ்டம். சில ஆயிரம் வார்த்தைகள் எழுதினாள். கதைப்படி அந்தத் தகப்பனார் இறந்து போக வேண்டும். நிஜத்திலேயே தகப்பனார் இறந்து விட்டார். பேனாவைக் கீழே வைத்தவள் வைத்தவள்தான். இதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1809 ஜூலையில் விடிவு காலம் வந்தது. வசதியான வீட்டுக்குச் சுவீகாரம் போயிருந்த எட்வர்ட் என்ற சகோதரர், சாட்டன் கிராமத்தில் தாயாருக்கும் தங்கைகளுக்கும் ஒரு வீடு கொடுத்தார். தாயார், கஸாண்ட்ரா, ஜேன், மார்த்தா என்ற சிநேகிதி, நாலு பெண்களும் அங்கே குடித்தனம் வைத்தார்கள். இங்கேதான் நான் வாசகிகளை நிறுத்தி ஒரு விஷயம் கவனிக்கச் சொல்கிறேன். வேலையைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். காலை ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி, டீயும் சர்க்கரையும் இருக்கிற பெட்டியின் சாவி, இவை ஜேன் பொறுப்பு. அவ்வளவுதான். மற்ற வீட்டுக் காரியங்களைக் கஸாண்ட்ராவும் மார்த்தாவும் பார்த்துக் கொண்டார்கள். பகல் பொழுது ஜேனுக்கு.

பெட்டி திறந்தது. புதுக்கதை எழுதவில்லை அவள். பதினாலு வருஷத்துப் பழைய கட்டுகளைத்தான் முதலில் எடுத்தாள். எலினாரையும் மரியானையும் மறுபடி சீர்திருத்தினாள். 1811 அக்டோபர் கடைசியில் புத்தகம் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. "ஒரு பெண்மணி எழுதியது" என்று மட்டும் போட்டிருந்தது. அச்சுச் செலவில் நஷ்டம் வந்தால் அவள் பொறுப்பு என்று ஏற்பாடு. நஷ்டம் வரத்தான் போகிறது என்று, தன் சொற்ப வரும்படியிலிருந்து பணம் எடுத்து ஒதுக்கி வைத்திருந்தாளாம். 140 பவுண்டு லாபம் வந்தது!

அடுத்தது "முதல் அபிப்பிராயங்கள்." இதில் அவள் செய்த காரியத்தை அவளே அக்காளுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறாள். கிளைகளைத் தறித்து, நுனிகளைக் கிள்ளி, புத்தகத்தையே சின்னதாக்கி விட்டேன் என்பது அதன் கருத்து. தலைப்பையும் விட்டாள். அதே தலைப்பில் அதற்குள் வேறொருவர் நாவல் வெளியிட்டிருந்தார். ஃபான்னி பர்னி என்ற நாவலாசிரியை முன்பே ஒரு கதையில் சேர்த்து எழுதியிருந்த இரண்டு வார்த்தைகளைப் புதுத் தலைப்பாக வைத்தாள்: "ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்." கர்வமும் தப்பெண்ணமும். நிர்ப்பந்தத்தால் வந்த தலைப்பு பழைய தலைப்பை விட எவ்வளவு மேல், பாருங்கள்! பழைய பெயர், பார்த்த மாத்திரத்தில் ஏற்பட்ட தவறைச் சொல்கிறது. புதுப் பெயரோ அந்தத் தவறு எங்கிருந்து புறப்பட்டது என்று இருவர் மனசுக்குள்ளும் கையை விட்டுக் காட்டுகிறது. 1813 ஜனவரியில் வந்தது. 150 பவுண்டு எதிர்பார்த்தாள், 110-க்குத்தான் வாங்கினார்கள். மறுதபாலில் திரும்பி வந்த கதை!

"ஸூஸன்" என்ன ஆயிற்று? 1816-இல் ஹென்றி என்ற சகோதரர் கிராஸ்பி கம்பெனிக்குப் போய் 10 பவுண்டு கட்டி மீட்டு வந்தார். பிரதி கைக்கு வந்த பிறகு, "இதை எழுதியவர்தான் அந்தப் பிரசித்தமான நாவலையும் எழுதியவர்" என்று சொல்லி விட்டு வந்தாராம். கிராஸ்பியின் முகம் எப்படியிருந்திருக்கும்! ஆனால் இந்தக் கட்டு மட்டும் ஜேனுக்கு மசியவில்லை. ஸூஸன் என்ற பெயரை காதரின் என்று மாற்றினாள். அதற்குள் திகில் நாவல் மோகம் பழசாகிப் போயிருந்தது. வாசகர்கள் இது பல வருஷம் முந்தி எழுதியது என்பதை மனசில் வைத்துக் கொள்ள வேண்டும் என்று ஒரு முன்னறிவிப்பு எழுதிப் பார்த்தாள். அப்படியும் திருப்தியில்லாமல் அதை எடுத்து அலமாரியில் வைத்து விட்டாள். 1817 ஜூலை 18-ஆம் தேதி, 41 வயதில், வின்செஸ்டரில் காலமானாள். அந்த வருஷக் கடைசியில் ஹென்றிதான் அதை "நார்த்தாங்கர் ஆபி" என்று பெயரிட்டு வெளியிட்டார்.

வாட்ஸன் குடும்பம்? அதை அவள் திரும்பத் தொடவே இல்லை. ஆனால் அந்தக் கதாநாயகியின் பெயர் எம்மா. உடம்பு சரியில்லாத தகப்பனார், கையில் காசில்லாத எம்மா. 1815-இல் வந்த "எம்மா" நாவலைப் படித்தவர்கள் சொல்லுங்கள்: அங்கேயும் எப்போது பார்த்தாலும் உடம்புக்கு ஏதாவது என்று பயப்படும் ஒரு தகப்பனார், ஆனால் மகள் பெரிய பணக்காரி! ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சில விமரிசகர்கள் சொல்கிறார்கள், நிரூபிக்க முடியாது. இன்னொரு வேடிக்கை. அந்தப் பாதிக் கதையைக் குடும்பத்தில் கேட்டிருந்த காதரின் ஹப்பக் என்ற மருமகள், அதாவது ஜேனின் சகோதரர் மகள், 1850-இல் அதை வைத்துத் தன் சொந்த நாவல் ஒன்று எழுதினாள். அத்தை எழுதிய பாதி அச்சேறியதே 1871-இல்தான்! அந்தக் கையெழுத்துப் பிரதியின் பெரும்பகுதியை 2011-இல் ஆக்ஸ்ஃபர்டு சர்வகலாசாலை நூலகம் சுமார் 10 லட்சம் பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

"சரி அம்மா, இது மகா நாவலாசிரியையின் சங்கதி, எனக்குப் படம் போடத்தான் தெரியும்" என்று ஒரு வாசகி முணுமுணுப்பது காதில் விழுகிறது. படம் போடுகிறவர்களுக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. குழந்தைகளுக்கு "பீட்டர் முயல்" கதை வாசித்திருப்பீர்கள். அதை எழுதிப் படமும் போட்ட பீட்ரிக்ஸ் பாட்டர் லண்டனில் 1866-இல் பிறந்தவள்.

1893 செப்டம்பரில், அவளுக்கு முன்பு பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியையின் ஐந்து வயதுப் பிள்ளை நோயெல் காய்ச்சலாகப் படுத்திருந்தான். அவனுக்குப் பொழுதுபோக, நாலு முயல் குட்டிகளைப் பற்றிப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினாள். அந்தக் கடிதத்தை அவளே மறந்து விட்டிருக்கலாம். அந்த வருஷங்களில் அவள் மனசெல்லாம் காளான்களில் இருந்தது. நூற்றுக்கணக்கான காளான்களை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தத்ரூபமாக வரைந்தாள். அவை முளைக்கும் விதத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரையும் எழுதினாள். 1897-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அதை வேறொருவர்தான் சமர்ப்பித்தார்; பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் நுழையவே கூடாது! கட்டுரை அச்சாகவில்லை. காளான் ஆராய்ச்சி நின்றது.

1900-த்தை ஒட்டி அவளுக்குப் பழைய முயல் கடிதத்தின் ஞாபகம் வந்தது. இருந்தால் கொஞ்சம் இரவல் கொடு என்று நோயெலைக் கேட்டாள். பிள்ளை பத்திரமாக வைத்திருந்தான். கடிதத்தைப் பெருக்கிச் சின்னப் புத்தகமாக்கினாள். பிரசுரகர்த்தர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை விரித்தார்கள். 1901 டிசம்பரில் தன் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டு உறவுக்கும் சிநேகத்துக்கும் கொடுத்தாள். அதன் பிறகுதான் வார்ன் கம்பெனியார், வர்ணப் படமாகப் போட்டுத் தந்தால் வெளியிடுகிறோம் என்று ஒப்புக் கொண்டார்கள். 1902-இல் வந்தது. கடிதமாயிருந்தபோது ஒரு குழந்தைக்குச் சொன்ன குரல் புத்தகத்திலும் போகவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு படம், இரண்டு வரி, குழந்தையின் கைக்கு அடங்குகிற அளவு.

காளான் படங்களோ அவள் 1943-இல் இறந்த பிறகும் தூங்கிக் கொண்டிருந்தன. 1967-இல் காளான்களைப் பற்றி ஒரு விஞ்ஞானி எழுதிய கையேட்டில் அவற்றில் பலவற்றை எடுத்து அச்சிட்டார்கள். எழுபது வருஷம் கழித்து!

இப்போது உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். ஒரு மத்தியானம் சமையலறை ஓய்ந்த பிறகு அதை எடுத்து வைத்துக் கொண்டு ஆரம்பத்திலிருந்து படியுங்கள். கையில் பேனா வேண்டாம். பேனா இருந்தால் எழுத்துப் பிழை திருத்திக் கொண்டே பொழுது போய்விடும். படித்துக் கொண்டு வரும்போது நீங்களே சிரிக்கிற இடம், அல்லது "அட, இதை நானா எழுதினேன்!" என்று நிமிர்ந்து உட்காருகிற இடம் எங்கேயாவது வரும். பெரும்பாலும் அது கதாநாயகியாக இருக்காது. பின்கட்டில் அப்பளம் இட்டுக் கொண்டே எல்லோரையும் ஒரு வார்த்தை சொல்லும் அத்தைப் பாட்டியாக இருப்பாள். அவளை மட்டும் எடுத்து ஒரு புதுத் தாளில் உட்கார வையுங்கள். பிளாட்பாரத்து வாலிபன் அங்கேயே நிற்கட்டும். ரயில்வேக்காரர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

பிறகு, பழைய எழுத்து ஏன் நின்றது என்று கேளுங்கள். "நேரமில்லை" என்பது பாதிப் பதில்தான். அத்தைப் பாட்டிக்கு முந்நூறு பக்க நாவல் வேண்டாமோ என்னவோ? அவள் பேச்சு முழுவதும் வாயால் பேசுகிற பேச்சாக இருந்தால், நாலு பேர் பேசிக் கொள்ளும் ஒரு நாடகத்தில் அவள் ஜொலிப்பாள். அல்லது வெளியூரில் படிக்கிற பிள்ளைக்கு வாரம் ஒரு கடிதத்தில் அவள் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். குடும்பக் கதை எழுத ஆரம்பித்து வருஷம், தேதி, பங்காளிகளின் பெயர் இவற்றில் சிக்கித் திணறுகிறவர்கள், பாட்டி எந்தப் பண்டிகைக்கு என்ன சமைத்தாள், யார் வந்தார்கள், யார் கோபித்துக் கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்று சமையல் குறிப்பாகவே எழுதிப் பார்க்கலாம். பங்காளிச் சண்டை தானாக உள்ளே வந்து விடும்! ஒற்றைக் கால் மயில் பின்னியவர்கள் இரண்டாவது காலுக்கு அதே நிறத்து நூலைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். தோகையை மட்டும் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டத்தில் போடுங்கள்.

துணிச்சலாகக் கத்தரிக்கத்தான் மனசு வராது. இருபது வயதில் எழுதிய வர்ணனைகள் கண்ணைப் பறிக்கும். அந்தியின் செவ்வானமே இரண்டு பக்கத்துக்கு இருக்கும். அதை வெட்டுவது அந்த இருபது வயதுப் பெண்ணையே வெட்டுகிற மாதிரி வலிக்கும். பழைய நோட்டை அப்படியே வைத்துக் கொண்டு வேறு தாளில் எழுதினால் அந்த வலி பாதியாகி விடும். செவ்வானம் எங்கேயும் போய் விடாது.

எடுத்துப் பார்த்த பிறகும் ஒன்றுமே அசையவில்லை என்றால், திரும்ப வைத்து விடுங்கள், முள் இல்லாமல். வாட்ஸன் குடும்பத்தை ஜேன் அப்படித்தான் வைத்தாள். எரிக்க வேண்டாம். எடைக்கும் போட வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு மருமகள் வரக்கூடும்.

கடைசியாக ஒரு வார்த்தை, இந்தப் பக்கத்தைப் பெண்களுக்கென்று போட்டிருந்தும் இரகசியமாகப் படிக்கும் கணவன்மார்களுக்கு. சாட்டன் வீட்டில் ஜேன் எழுதிய மேஜை இன்னும் இருக்கிறது. 1949 முதல் அந்த வீட்டைக் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களெல்லாம், "இவ்வளவு சின்ன மேஜையிலா?" என்று வியக்கிறார்கள். மேஜை சின்னதாக இருந்தால் பாதகமில்லை, ஐயா. ஒன்பது மணிச் சிற்றுண்டிக்குப் பிறகு அடுப்பைப் பார்த்துக் கொள்ள அங்கே ஒரு கஸாண்ட்ரா இருந்தாள். உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் கஸாண்ட்ரா யார் என்பதை நீங்களும் அவளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மாமியாரே முன்வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அவருடைய டிரங்குப் பெட்டியிலும் ஒரு நோட்டு இருக்கிறதா என்று மெதுவாக விசாரியுங்கள்.